குறியீடு ஐந்து

பள்ளத்தூரில் எனக்கு ஒதுக்கியவை நாற்பது வீடுகள்,
கணினி குலுக்கிப் போட்ட எண்கள்.
அதில் பதினேழு பூட்டு.

மூன்று நாள், மூன்று வேளை தட்டிப் பார்க்க வேண்டும்.
அப்புறம் படிவத்தில் ஐந்து போடலாம்.
ஐந்து என்றால் ஆளில்லை.
பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்கக் கூடாது,
எடுத்தால் விகிதம் கெட்டுவிடும் என்று
பயிற்சியில் இரண்டு தடவை சொன்னார்கள்.

முப்பத்தொன்றாம் எண்ணுக்கு
நிலைக்கதவே என்னைப் போல் இரண்டு ஆள் உயரம்.
தட்டினேன். சத்தத்தை மரம் வாங்கிக்கொண்டது.
நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும்.
ஐந்து போடப் பேனாவைத் திறந்தபோது
உள்ளே, வெகு உள்ளே,
யாரோ இருமினார்கள்.

இந்த ஊரில் வீடு ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடியும்.
சுற்றிக்கொண்டு போக ஏழு நிமிடம், வெயில்.
பின்தெருவுக்கு என் வரைபடத்தில் பெயரில்லை,
வெறும் கோடு.

தகரக் கதவு திறந்தேதான் இருந்தது.
அடைக்கலம் என்றார். வயது ஐம்பத்திரண்டு.
மனைவி சிகப்பி, புதுவயல் மில்லில் நெல் அவிக்கிறவள்.
இருமியது அவள்.
"அது ஒண்ணுமில்லக்கா, உமித் தூசி."
என் கேள்விகளில் உமி இல்லை.

"சாவி எங்கிட்ட இருக்கு. வீடு எங்க வீடு இல்ல.
பதினோரு வருசமாக் கூட்டிப் பெருக்குறோம்."

குடும்பம் என்றால் என்ன என்று கையேட்டில் உண்டு:
ஒரே அடுப்பு, ஆறு மாதக் குடியிருப்பு, கதவு எண்.
அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.
சாருக்குப் போன் போட்டேன்.
"முன்வாசல் பூட்டா, இல்லையா?"
"பூட்டு சார்."
"அப்ப பூட்டுதான்."

கேட்க எனக்கு அனுமதியில்லை.
அவர் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சர்க்கரை ஆறு வருசமா.
மாத்திரை சும்மாதான் தர்றாங்க,
ஆனா புதன்கிழமை வரணும்கிறாங்க.
புதன்கிழமை மில்லுல லோடு.
அன்னைக்குப் போகலன்னா அறுநூறு ரூவா போச்சு,
அடுத்த வாரம் வேற ஆளு ஏத்துவான்.

இருபத்தேழாம் கேள்வி:
அருகிலுள்ள சிகிச்சை மையம் எத்தனை கிலோமீட்டர்?
அதற்கு இரண்டு இலக்கக் கட்டம்தான் விட்டிருக்கிறார்கள்.
அறுநூறு கொள்ளாது.

"காலைக் காட்டுங்க" என்றாள் சிகப்பி.
அவர் காட்டவில்லை. அவளே துணியைப் பிரித்தாள்.
கட்டைவிரல் நுனி கறுத்திருந்தது.
"பளிங்குத் தரைக்குச் செருப்புப் போடக் கூடாதும்மா,
முதலாளி சொல்லிருக்காரு.
எங்க குத்துச்சுன்னே தெரியல."
யாரும் நடக்காத பதினெட்டு அறைகளில்
எங்கேயோ ஒரு கண்ணாடிச் சில்லு.

வீட்டுக்கு ஒன்று என்று நாற்பது பட்டை தந்திருந்தார்கள்.
பூட்டிய வீடுகளின் புண்ணியத்தில் மிச்சமுண்டு.
சாயங்காலம் எண்ணித் திருப்பித் தர வேண்டும்.

அவர் விரலில் ஊசி வைத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
அவளுக்கு நூற்றுப் பதினெட்டு.
"எனக்குக் கம்மியா?" என்று கேட்டாள்,
கூலியைக் கேட்பது போல.

பஸ் டிக்கெட்டின் பின்னால் எண்ணும் நாளும் எழுதி
"புதன் வரைக்கும் இருக்காதீங்க, நாளைக்கே,
அவசரப் பிரிவுல இதைக் காட்டுங்க" என்றேன்.
டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைக்காமல்
சாவிக்கொத்தின் வளையத்தில் செருகிக்கொண்டார்.
"எங்களை எதுல சேத்தீங்க?"

பழுதான பட்டைகள் என்றொரு வரி உண்டு.
அதில் இரண்டு என்று எழுதினேன்.

திரும்ப ஏழு நிமிடம்.
முன்வாசலில் நின்று ஐந்து போட்டேன்.
பேனா ஒழுங்காகத்தான் எழுதியது.