ஒன்றரை மணி நேரம்

கோரிப்பாளையத்தில் ஷட்டர் பாதி இறங்கியபின்
மைதா ஒட்டிய பெருவிரலால்
சோலையழகு போனைத் தேய்க்கிறான்.
பாண்டுங்கில் ஒருத்தி
நேரலையில் நூடுல்ஸ் தின்கிறாள்.
மிளகாய்க்கு மூக்கு ஒழுகுகிறது,
பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள்.

வாய்க்கு வாய் 'மந்தாப்' என்கிறாள்.
மந்தமா? இந்த வேகத்தில் தின்பவளா?
தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டே மீரான்,
"பிரமாதம்னு அர்த்தம்டா, கூமுட்டை."

'கெடை' என்றபோது மட்டும்
யாரும் சொல்லித்தரவில்லை.
அவள் முதுகுக்குப் பின்னால்
பாதி இறங்கிய ஷட்டர்,
மேசைமேல் கவிழ்த்த நாற்காலிகள்.
அவளும் கடையில்தான் இருக்கிறாள்.

அங்கே வெளுத்துவிட்டது.
கையசைத்து அணைக்கிறாள்.
இவனுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்
இருட்டு மிச்சம்,
கழுவாத சால்னா அண்டாவும்.