புளியரை, இரவு இரண்டு பதினேழு

ஒரு நடைச்சீட்டு, இரண்டு லாரி.
இரண்டுமே எம்-சாண்டோடு ஆரியங்காவு தாண்டிவிட்டன.
பதிவேட்டின்படி ஒன்றுதான் போயிருக்கிறது.

பேச்சித்துரை சார் போனில் சத்தம் போடவில்லை.
"புரோகிராம் உங்களோடதுதானம்மா" என்று மட்டும் கேட்டார்.

என்னுடையதுதான்.
சீட்டு செல்லுமா, பார்.
செல்லுமென்றால் தடுப்பைத் தூக்கு.
'தீர்ந்தது' என்று எழுது.
இதில் எங்கே பிழை வரும்?

எடைமேடை இரண்டு, மேடைக்கொரு இழை.
ஒன்று பார்த்தது: செல்லும்.
அது எழுதக் கையெடுப்பதற்குள்
மற்றது பார்த்தது: செல்லும்.
பொய் சொன்னவர் யாருமில்லை.

இது தெரியாதவளா நான்?
பார்ப்பதற்கு முன்னால் ஒரு பூட்டும் வைத்திருந்தேன்.

வேவு பார்க்க ஒரு வரி சேர்த்தேன்.
ஒன்பது நாள் ஒரு தவறுமில்லை,
தாசில்தார் வந்து நிற்கும்போது
சரியான எடை காட்டுகிற மேடை மாதிரி.
வரியை எடுத்த அன்றிரவே
இன்னொரு லாரி.

பிறகுதான் கீழே இறங்கினேன்,
என் வரிகளுக்கும் அடியில்
மொழியையே ஓட்டுகிற ரன்டைமுக்குள்.
அங்கே குப்பை அள்ளும் இழை ஒன்று
யாரும் பிடித்திருக்கவில்லை என்றெண்ணி
என் பூட்டையே அள்ளிக்கொண்டிருந்தது,
ஒருவன் அதற்குக் கை நீட்டிய இமைப்பில்.
அடுத்து வந்தவனுக்கு
அதே இடத்தில் புதுப் பூட்டு,
திறந்தபடி.

நான் செய்யாத பிழை.
செய்தவர்களுக்கு மடல் போட்டேன்.
"பார்க்கிறோம்" என்றார்கள்.

கேமராவில் கோமதிநாயகமும் சஜிமோனும்.
ஆளுக்கொரு மேடை. ஒரு ஹாரன்.
இரண்டு கைகள் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே
ஒரே சீட்டின் இரண்டு நகலை நீட்டுகின்றன.
முப்பத்தோரு இரவு தோற்றிருக்கிறார்கள்.
இழை தெரியாது, பூட்டு தெரியாது.
"எப்பவாச்சும் அசரும்லா, தாயி" என்றான் கோமதிநாயகம்,
விசாரணையில் கொடுத்த டீயை ஊதிக்கொண்டே.
நான் தலையாட்டியிருக்கக் கூடாது.

இப்போதைக்கு இரண்டாம் மேடையை
நைலான் கயிறு கட்டி மூடியிருக்கிறோம்.
மலைக்கு அந்தப் பக்கம் மழை.
இந்தப் பக்கம் கட்டளைக்குடியிருப்பு வரை
ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள்,
ஹாரனிலேயே என் வம்சத்தை இழுக்கின்றன.

கயிற்றின் முடிச்சை
போகும்போதெல்லாம் தொட்டுப் பார்க்கிறேன்.
இறுக்கமாகத்தான் இருக்கிறது.
திரும்பி நாலு எட்டு வைத்ததும்
மறுபடி பார்க்கத் தோன்றுகிறது.