நிலை: பயிற்சி

வக்வாவில் பிற்பகல் மூன்று மணி மூன்று நிமிடம்.
பூஸ் மலைமேல் மேகம் உட்கார்ந்துவிட்டது,
எழுந்து போகும் உத்தேசமே இல்லாமல்.

படிவத்தைத் திறந்தேன்.
எவ்வளவு அவசரம்? உடனே.
எவ்வளவு கடுமை? மிகக் கடுமை.
எவ்வளவு உறுதி?
'கண்டது' என்று போட வேண்டுமானால்
யார் வீட்டுக்குள்ளாவது தண்ணீர் வந்திருக்க வேண்டும்.
'நேரக்கூடும்' என்று போட்டேன்.

பரப்பு: கனால் தாயோ.
புள்ளி வைத்துக்கொண்டே சுற்றி வந்து
தொடங்கிய புள்ளியிலேயே முடித்தேன்.
மூடாத கோட்டை இயந்திரம் ஊர் என்று ஒப்புக்கொள்ளாது.
ஆற்றுக்கு அந்த விதியை யாரும் அனுப்பவில்லை.

ஆங்கிலம், பிரெஞ்சு, க்ரியோல்:
மூன்றிலும் மேட்டுக்குப் போங்கள் என்று எழுதி
அனுப்பினேன்.

ஒரு சைரன் ஊதவில்லை.
ஒரு ஃபோன் அதிரவில்லை.
ரேடியோவில் செகா பாட்டு நிற்கவில்லை.
சர்வர்கள் மட்டும் வரிசையாக
'பெற்றுக்கொண்டோம்' என்றன, மரியாதையோடு.

மூன்று பதினாலுக்கு மேசைத் தொலைபேசி.
கனால் தாயோவில் கடை வைத்திருக்கும் மதாம் ஜொஸ்லீன்.
"திலோ ஃபின் ராந்த்ரே."
தண்ணீர் உள்ளே வந்துவிட்டது,
உங்களுக்குத் தெரியுமா?

தெரியும் என்றேன்.
அதைவிட மோசமான பதில் என்னிடம் இல்லை.

மேலிருந்து நாலாவது வரி.
நிலை: பயிற்சி.
வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வைத்தது.
ஒத்திகைக்காரரைத் தவிர யாரும் அசைய வேண்டாம்
என்று அதற்கு அர்த்தம்.
யாரும் அசையவில்லை.
தீவு முழுக்க எல்லா இயந்திரமும்
என் சொல்லை அப்படியே நம்பியிருந்தது.

'உண்மை' என்று மாற்றினேன்.
'கண்டது' என்றும் இப்போது மாற்றலாம். மாற்றினேன்.
திருத்தம் போக வேண்டுமானால்
பிழைபட்ட செய்தியின் எண்ணை உள்ளே குறித்தாக வேண்டும்;
முப்பத்தாறு எழுத்து.
தானாக ஒட்டிக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு.
நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன்,
தட்டும்போதே அதற்கும் நேரம் ஆகிறது என்று உறைத்து
பொத்தானை அழுத்தினேன்.
அனுப்புநர்: செல்லபெர்மால்.
ஊரே அதிர்ந்தது.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அறிக்கையில் அது முதல் வரி.

சனிக்கிழமை கடைக்குப் போனேன்.
அரிசி மூட்டைகள் வெயிலில் வாய் பிளந்து கிடந்தன.
நான் யார் என்று சொன்னேன்.
ஜொஸ்லீன் ஒன்றும் சொல்லாமல்
கல்லாவுக்குப் பின்னால் சுவரைக் காட்டினாள்.
முழங்கால் உயரத்தில் சேற்றுக் கோடு.
அதன்மேல் பென்சிலால்
தேதி, மூன்று ஒன்பது, அவள் கையெழுத்து.

இடம் எழுதியிருக்கவில்லை.
சுவரே இடம்.