நின்ற நேரம்

எழும்பூர் அருங்காட்சியகம்,
செப்புத் திருமேனிக் கூடம்.
நிற்பவர்களை அளப்பது என் வேலை.
கையில் நிறுத்துக் கடிகாரம், மடியில் படிவம்.

சிலைக்குச் சராசரி பதினோரு விநாடி.
பள்ளிப் பேருந்து வந்தால் நான்கு.
ஏ.சி.க்கு நேர் கீழே இருக்கும் தேவிக்கு முப்பது;
காரணத்தை அடிக்குறிப்பில் எழுதிவிட்டேன்.

புதன் மதியம், மாதிரி எண் முன்னூற்றுப் பதினெட்டு:
வனமயில், புரசைவாக்கம் துணிக்கடையில் பில் போடுபவர்.
ஒரு கை உடைந்த அம்மன் முன்னால்
நாற்பத்து மூன்று நிமிடம்.

வந்த காரணம்?
கல்வி, பொழுதுபோக்கு, சுற்றுலா என்று
கட்டம் கட்டமாகப் படித்துக் காட்டினேன்.
"இங்க யாரும் நகருங்க நகருங்கன்னு
முதுகுல கை வைக்கிறதில்ல சார்."
'பிற' என்பதில் டிக் அடித்தேன்.

ராத்திரி மேற்பார்வையாளர் போனில்:
"அந்த ஒரு வரி மொத்தத்தையும் இழுக்குது. தூக்கிடுங்க."
தூக்கினேன்.
சராசரி சமர்த்தாகப்
பதினொன்றில் வந்து உட்கார்ந்தது.

படிவத்தில் இல்லாத ஒன்றை
ஓரத்தில் கோடு கிழித்து எண்ணிவருகிறேன்.
கூடத்து வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவர்கள்
நேற்றுவரை இருபத்தேழு.
காவலாளி அதட்டிய பிறகும்
மாட்டிக்கொள்ளாதவர்கள் நான்கு.