ஒன்பது விழுக்காடு

ஆறாம் ஆண்டில் பதினொரு பேர்.
ஒருவர் விழுந்தால் ஒன்பது விழுக்காடு விழும்.
ஊத்தான் மெலிந்தாங் பட்டணத்துப் பெரிய பள்ளியில்
ஒருவர் விழுந்தால் தூசி.
எங்களுக்குக் கூரை.

நான் சொல்லவில்லை,
மாவட்டக் கல்வி இலாகாவின் வண்ண அட்டவணை சொல்கிறது.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
லோஷினியின் வரிசை
மார்ச்சிலிருந்தே சிவப்பு.

அவளுக்குத் தெரிந்த கட்டுரை ஒன்றுதான்:
'நான் ஒரு குடை.'
சோதனைத் தேர்விலோ 'நான் ஒரு பேருந்து' வந்தது.
அவள் பதறவில்லை.
'நான் ஒரு பேருந்து. என் நிறம் கறுப்பு.
மழை வந்தால் என்னை விரிப்பார்கள்.
மழை விட்டால் மடக்கி மூலையில் வைப்பார்கள்.'
வாய்விட்டுச் சிரித்தேன்.
பிறகு பேனாவை மூடிவிட்டுக்
கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தேன்.
புகைமூட்டத்தில் செம்பனை மரங்கள்
இருக்கின்றனவா இல்லையா தெரியவில்லை.

தலைமையாசிரியர் கோமளவல்லி கதவைச் சாத்தினார்.
"தேர்வு வாரத்துல அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் வரலாம்.
கிளினிக்குல எம்.சி. எடுத்துட்டா
வராதவங்க கணக்குல வரமாட்டாங்க."
அவர் கெட்டவர் இல்லை.
கழிப்பறைக் கதவுக்காக
மூன்று ஆண்டு கடிதம் எழுதியவர்.
பெயர் கெட்டால் பிள்ளைகள் குறைவார்கள்,
பிள்ளைகள் குறைந்தால் பள்ளி இருக்காது.
அதுவும் கணக்குதான்.
அதிலும் பிழை இல்லை.

நான்தான் போனேன்.
ஐந்து மணிக்குச் சன்னாசி
அரிவாள் கம்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக்
கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
அவர் மனைவி மைலோ கொண்டுவந்தார்.
அழுத்தம் என்றேன், ஓய்வு என்றேன்,
பிள்ளையின் நன்மை என்றும் சொன்னேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
லோஷினி குடைக் கட்டுரையை மனனம் செய்துகொண்டிருந்தாள்.

"சார், காய்க் குலைய வெட்டிட்டா
மில்லுல கண்டுபிடிச்சுருவாங்க.
குலைக்கு இத்தனை வெள்ளின்னு பிடிப்பாங்க.
எங்கிட்டதான். குலைய யாரும் திட்டறதில்ல.
அதுக்குப் பயந்து
காய மட்டைக்கடியில தள்ளி மறைக்கிறவனும் இருக்கான்."

வேறொன்றும் சொல்லவில்லை.
"மைலோ ஆறுது சார், குடிங்க."

தேர்வுக்கு முதல்நாள் கோயிலில் பூசை.
பெற்றோர் சங்கம் வாங்கிவைத்திருந்தது
பத்துத் தேங்காய்.
எண்ணியவர் யார் என்று நான் கேட்கவில்லை.
சாலைக்கு அந்தப் பக்கம் மளிகைக் கடை,
ஒரு தேங்காய் மூன்று வெள்ளி.

மறுநாள் ஏழு மணிக்கு
அப்பாவின் மோட்டாரில் வந்து இறங்கினாள்,
சீவிய பென்சில் நான்கு, தண்ணீர்ப் புட்டி,
தலையில் ஒரு கைப்பிடி எண்ணெய்.
கோமளவல்லி அவளைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
அவள் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு
உள்ளே அனுப்பினார்.

நவம்பரில் முடிவு.
ஏழு ஏ எடுத்த இருவரின் படம்
வாசலில் பதாகையாய்த் தொங்குகிறது.
அதன் நிழலில் நின்றுதான்
லோஷினி இப்போதும் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கிறாள்.
தொண்ணூறு புள்ளி ஒன்பது.

இலாகாவிலிருந்து பாரம் வந்தது.
'தேர்ச்சி பெறாததற்குக் காரணம்',
அதன் எதிரே இரண்டு விரல் அகல இடம்.
முதலில் 'மாணவி பலவீனம்' என்று எழுதி அடித்தேன்.
'குடும்பச் சூழல்' என்று எழுதினேன்,
மைலோவின் சூடு நாக்கில் வந்தது, அதையும் அடித்தேன்.
கடைசியில்
சன்னாசி சொன்னதை அப்படியே எழுதிக்
கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோமளவல்லி இரண்டு தடவை படித்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"மலாயில எழுதணும் சார்.
அஞ்சு வார்த்தைக்குள்ள."

மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள்,
காவலர் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார்.
மூன்று வார்த்தை கிடைத்திருக்கிறது.