கேட் மூடியிருக்கும் நேரம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால்
ஊரே நிற்கும்,
திட்டிக்கொண்டே நிற்கும்.
எனக்கு மட்டும் அது மூச்சு விடும் நேரம்.
மூடிய கேட்டைத் தாண்டி
மங்கையர்க்கரசி போகமாட்டாள்.

முப்பத்தொரு வருஷம் சத்துணவு அமைப்பாளர்.
இருநூற்றுப் பதினேழு பிள்ளை,
இருநூற்றுப் பதினேழு முட்டை,
உடைந்தது எத்தனை, மிச்சம் எத்தனை,
நோட்டைப் பார்க்காமல் சொல்வாள்.
இப்போது நிற்கிற பேருந்தில்
ஜன்னல் ஜன்னலாக எண்ணிக்கொண்டு போகிறாள்.
"உனக்கு வந்துச்சா? உனக்கு?"

ஆரம்பத்தில் யாரிடமும் சொல்லவில்லை.
கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவன்,
என் வீட்டில் விழுந்த துண்டை
வெளியில் சொல்வேனா?
வாசலுக்கு இரண்டு பூட்டு.
கேட்டவர்களுக்கு பிரஷர் என்றேன்,
மகளுக்கு போனில் சௌக்கியம் என்றேன்.
ஒரு மத்தியானம்
மூன்றாம் தடவை சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டபோது
அவள் மணிக்கட்டை நான் பிடித்த பிடி
நான்கு நாள் கன்றிக் கிடந்தது.
அதையும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை. கரண்ட் இல்லாத இரவு.
பூட்ட மறந்தது நான்தான்.

மூணாறு தலைப்பில் கிடைத்தாள்,
வெண்ணாறு வந்து மூன்றாகப் பிரிகிற இடத்தில்.
மதகின் மேல் நின்று ஷட்டர்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.
லஸ்கர் சாமியப்பன்
தன் மழைக்கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டு
நனைந்தபடி கூடவே எண்ணிக்கொண்டிருந்தார்.
கும்பிட்டேன்.
அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"எல்லாத்தையும் ஒரே ஆத்துல விட்டா
கரை நிக்காது சார்."
ராத்திரி இரண்டு மணிக்கு
அவர் தண்ணீரைத்தான் சொன்னார்
என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் போய் நின்றேன்.
"எங்க வீட்டுல அவங்களுக்கு ஞாபகம்..."
ஜெகபர் அலி முடிக்கவிடவில்லை.
"தெரியும் சார். ரெண்டு வருஷமாத் தெரியும்.
நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தோம்."
எனக்குக் கோபம்தான் வந்தது.
இரண்டு வருஷம்!

அப்புறம் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.
ரவிக்கையின் உள்மடிப்பில் என் நம்பரைத் தைத்த டெய்லர்
காசு வாங்கவில்லை.
கேட் கீப்பர் ரஞ்சன், பீகார்ப் பையன்,
"அம்மா இங்க இருக்கு" என்ற மூன்று சொல் தமிழை
எனக்காகவே கற்று வைத்திருக்கிறான்.
ரேஷன் வரிசையில் ஒருநாள் யாரோ
பைத்தியத்தை எதுக்குக் கூட்டிட்டு வர்றாரு என்றார்கள்.
அரிசி போடுகிற பெண்
தராசை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றாள்.
முழு வரிசைக்கும் கொஞ்ச நேரம் அரிசி இல்லை.

செவ்வாய் மாலை, நூலகத்தின் பின்னறை.
ஏழெட்டுப் பேர். நர்ஸ் ரெஜினாவின் பிளாஸ்க் டீ.
அப்பாவைப் பார்த்துக்கொள்கிற பூவனூர்க்காரர்
மூன்று வாரம் வாயே திறக்கவில்லை.
நாலாவது வாரம்
"அடிச்சிட்டேன்" என்றார்.
யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
யாரும் எழுந்து போகவுமில்லை.
நான் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னேன்.

ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை
அவளிடம் முட்டை வாங்கித் தின்ற பழைய பிள்ளை ஒருத்தி
வந்து கூட உட்காருகிறாள்.
சலூனுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம்.
நான் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துத் தூங்குகிறேன்.

நேற்று கேட் மூடியிருந்தது.
காரைக்கால் நிலக்கரி வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி.
அவளும் எண்ணினாள், நானும் எண்ணினேன்.
கடைசிப் பெட்டி போனதும்
என்னை ஏற இறங்கப் பார்த்துப் பேர் கேட்டாள்.
"தெட்சிணாமூர்த்தி."
இல்லாத நோட்டைப் புரட்டினாள்.
"லிஸ்ட்டுல உங்க பேரு இல்லியே."
கேட் ஏறத் தொடங்கியது. பின்னால் ஹாரன்.
"பரவால்ல, நில்லுங்க.
ஒண்ணு மிச்சமிருக்கு."