நிகர எடை

ஆலை வாசலில் எடைமேடை. நான் குமாஸ்தா.
குலை ஏற்றிய லோரி வரும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும், எழுதுவேன்.
பெரியதில் சிறியதைக் கழித்தால்
மிஞ்சுவது சரக்கு.
ஒன்பது வருடமாய் இதே கணக்கு.

போன புதன், லோரி வராத மத்தியானம்,
என் மைவியை மேடையில் ஏற்றினேன்.
ஆயிரத்துப் பத்து கிலோ.
இறங்கித் தள்ளி நின்றேன். தொள்ளாயிரத்து ஐம்பது.
ஆக, சரக்கு நான். அறுபது.

சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினேன்:
தவணை ஐந்நூற்று இருபது வெள்ளி.
எண்ணெய் நூற்று அறுபது.
ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ், மாதத்துக்குப் பிரித்தால் நூற்று முப்பது.
டயர், சர்வீஸ், புக்கிட் ரோத்தான் சந்திப்பில்
எவனோ உரசிப் போன கண்ணாடி, ஒரு எழுபது.
சம்பளத்தை நாளாக வகுத்தேன்.
மாதத்தில் பன்னிரண்டு நாள்
வேலைக்கு வருகிற காருக்காக
வேலைக்கு வருகிறேன்.

சைக்கிளில் இருபத்தைந்து நிமிடம். காரில் பதினொன்று.
போக, வர, மாதம் முழுக்க மிச்சம் பிடித்தது
பன்னிரண்டு மணி நேரம்.
பன்னிரண்டு நாள் கொடுத்து
பன்னிரண்டு மணி நேரம் வாங்கியிருக்கிறேன்.
ஆ லெக் கடையில் இப்படி விற்றிருந்தால்
சண்டைக்குப் போயிருப்பேன்.

பொய் சொல்லக் கூடாது.
மாமியாருக்கு மூச்சு முட்டிய இரவு
கொட்டும் மழையில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது இதுதான்.
அதை எந்தப் பக்கம் எழுத?

இந்த மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
சில்லறை அதன் கண்ணில் படாது.
பாலத்தில் கால் ஊன்றி
தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது,
கெண்டைக்காலில் இருந்த இறுக்கம்,
வேலிக்கு மேலே வேதநாயகி அக்காவின்
"பசியாறிட்டியா?"
(கண்ணாடி ஏற்றிய பின் வாய் மட்டும் அசைகிறது.)
எல்லாம் பூஜ்யம்.

சைக்கிளை தில்பகதூருக்கு விற்றேன், அறுபது வெள்ளிக்கு.
கேட்டில் காவல் நிற்கிறவர்.
காலையில் செம்பனை லோரிக்குப் பின்னால்
நான் உறுமிக்கொண்டு கிடக்க
ஓரமாய் மணியடித்துப் போகிறார்.
என் மணி.

ஹார்ன். லோரி வந்துவிட்டது,
மைவியை நகர்த்தச் சொல்கிறான்.
தவணை இன்னும் ஐந்து வருடம்.

சாயங்காலம் கேட்டில் கண்ணாடியை இறக்கி
"எண்பது தர்றேன், சைக்கிளைக் குடுக்கிறியா?" என்றேன்.
தில்பகதூர் காரை ஒரு முறை பார்த்தார்,
என்னை ஒரு முறை.
"நூறு" என்றார்.